பின்னால் வரும் வேன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேனில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கதை எங்களுக்கு முன்னால், மழையில், முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அதனால் ஒரு குறை. கதாநாயகியின் முகத்தை நான் அதிகம் பார்க்கவில்லை. போட்டிக்கு முன்பு சற்று நேரம் பேசினேன். போட்டியின்போது அவள் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மற்றபடி எனக்குத் தெரிந்தது அவளுடைய முதுகு. ஒரு முதுகை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் எழுத முடியும் என்று பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை. ஒளித்து வைக்கவில்லை. உண்மையிலேயே இல்லை. காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன்.

2

முதலில் தகவல்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு ஸ்கேட்டிங் மாரத்தான் நடந்தது. பூட்ஸுக்கு அடியில் ஒரே வரிசையில் சக்கரங்கள். அதில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஊர் எல்லையில் தொடங்கி, பனவடலிசத்திரம் போகிற சாலையில் ஓர் இடம் வரை சென்று திரும்ப வேண்டும். இப்படி நான்கு முறை. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி வரைக்கும் போலீஸ் சாலையைக் கொடுத்திருந்தது.

நடத்தியவர் நியாஸ் அகமது. கடையநல்லூர்க்காரர். கல்லூரியில் என்னோடு படித்தவர். நான் இலக்கியத்தில் தங்கிவிட்டேன், அவர் துபாய்க்குப் போனார். அங்கே கடற்கரைச் சாலையில் ஸ்கேட்டிங் பழகினார். ஊர் திரும்பியதும் சங்கரன்கோவிலிலும் கடையநல்லூரிலும் கிளப் தொடங்கினார். மாலை நேரங்களில் கல்யாண மண்டபத்து முற்றங்களில் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு விழுந்து எழுவதை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

அவர்தான் என்னை வேனில் ஏற்றினார்.

"நீரு வேன்ல இரும்வே. கடைசியா வாரவனுக்குப் பின்னாடியே போவணும். எவனாவது விழுந்தா, முடியலைன்னா, ஏத்திக்கிடணும். பத்து மணியாச்சுன்னா யாரா இருந்தாலும் ஏத்திரணும். அம்புட்டுதான் சோலி."

"எனக்கு ஸ்கேட்டிங்கைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே."

"வேன்ல உக்காரத் தெரியும்லா? கதை எழுதுதவருக்கு அதான் சரியான எடம். எல்லாரும் போன பொறவு, பின்னாடி உக்காந்து பாக்க வேண்டியது."

என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதுதான் மிகச் சிறியது. மறுக்க முடியாததும் இதுதான்.

3

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மழை பெய்துகொண்டிருந்தது."

எங்கள் பக்கத்தில் மழை பெய்வதை இவ்வளவு அலட்சியமாக எழுதக் கூடாது. (மழைக்காக எதையும் தள்ளிவைக்க இங்கே யாருக்கும் வாய் வராது. வானத்தைப் பார்த்து முகம் சுளித்தால் ஊர் மன்னிக்காது. போட்டியை அடுத்த வாரம் வைக்கலாமா என்று நியாஸ் டீக்கடையில் ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், "பெய்யாதப்பவும் அழுவீய, பெஞ்சாலும் அழுவீயளா? போயி நனைங்கவே" என்றிருக்கிறார். போட்டி நடந்தது.)

இரண்டாவது: "கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த ஊரில் ஒரு பெண், ஒற்றைக் காலில் நின்று மறு காலால் சாலையைத் தள்ளி..."

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஆசை இருந்தது. போட்டி தொடங்கும் முன் அவளிடமே சொல்லிப் பார்த்தேன். பூட்ஸின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"அம்மன் நின்னா சார். நான் போறேம்லா."

வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவளை ஊரில் வேன் பிரேமா என்பார்கள்."

தொடக்கம் இதுதான். தாமதமாகக் கிடைத்தது. அதனால் இங்கே இருக்கிறது.

4

பெயர் பிரேமலதா. வயது முப்பத்தாறு. வீட்டுக்குப் பின்னால் பவர்லூம் கொட்டகை. அவளும் கணவர் மாரிராஜும் தறி ஓட்டுகிறார்கள். மகளை நியாஸின் கிளப்பில் சேர்த்தார்கள். மகள் இரண்டு வாரம் போனாள், ஒரு முறை விழுந்தாள், விட்டுவிட்டாள். ஸ்கேட்ஸ் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே அளவுக் கால்.

(மகளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். முடிவுக் கோட்டில் மகள் நின்று கைதட்டும் காட்சி ஒன்று என் கையைப் பிடித்து இழுக்கிறது. அன்று மகளுக்கு டியூஷன் இருந்தது.)

பிரேமலதா கிளப்புக்குப் போகவில்லை. பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வெட்கம். விடியற்காலையில் ரத வீதிகளில் பழகினாள். கோவிலைச் சுற்றி நான்கு தெருக்கள். தேர் ஓடுகிற அகலம். அந்த நேரத்தில் கோலம் போடுகிறவர்களும் கோவிலைச் சுற்றுகிறவர்களும் மட்டும் இருப்பார்கள்.

சுற்றுவது அவளுக்குப் புதிதல்ல. ஆடித்தபசுத் திருவிழா வருவதற்கு முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் நேர்ந்துகொண்டு கோவிலைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றெட்டு, ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் நேர்ச்சை. சுற்றினால் ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனின் கால்வலியில் கொஞ்சம் தங்களுக்கு வந்து சேரும் என்பது நம்பிக்கை. பிரேமலதா பல வருடம் சுற்றியவள். இப்போது காலுக்கு அடியில் சக்கரம் வந்திருந்தது.

தவறு அங்கேதான் நடந்தது. அவள் எப்போதும் வலமாகவே சுற்றினாள்.

அதை ஒரு முடிவாக அவள் எடுக்கவே இல்லை. கோவில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வேறு எந்தப் பக்கம் இருக்கும்? நான்கு முனையிலும் வலப்பக்கம் திரும்பினாள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பினாள்.

ஸ்கேட்டிங் போட்டிகளில் திருப்பம் இடப்பக்கம். மண்டபத்து முற்றங்களில் பிள்ளைகள் இடப்பக்கம் வளைந்துதான் பழகுகிறார்கள். போன வருடப் போட்டியில், முதல் திருப்பத்தில், சாலை நடுவில் வைத்த பிளாஸ்டிக் கோனுக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் பிரேமலதாவுக்கு அது தெரிந்தது. அவளுடைய காலுக்கு அந்தப் பக்கம் திரும்பத் தெரியவில்லை. நின்றாள். குழந்தை படி இறங்குவதுபோல அடி அடியாக வைத்துத் திரும்பினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படியே. போட்டிக்கு வந்த கூட்டம் சிரித்தது.

பத்து மணி நெருங்கியது. முடிவுக் கோட்டில் நிறுத்திய காற்றடைத்த வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரம். வேன் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் ஏறினாள்.

வேன் முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. இறங்கியவள் கழுத்தில் யாரோ அவசரத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். வேன் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால், கழுத்தில் பதக்கம். படம் ஊர் முழுக்க எல்லா போனுக்கும் போனது.

அன்றிலிருந்து வேன் பிரேமா. காய்கறிக் கடையில், "நடந்தா வந்தே? வேன் எங்க?" கல்யாண வீட்டில், "பிரேமா வந்துட்டா, வேனுக்கு எடம் விடுங்கப்பா."

அவளுக்கு இந்த வருடம் ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. பதக்கம் வேண்டும் என்றும் இல்லை. வேனில் ஏறக் கூடாது. அது போதும்.

5

வேன் ஓட்டியவர் உச்சிமாகாளி. போன வருடம் கதவைத் திறந்தவரும் அவரே.

முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். தடித்த கை, வெற்றிலைச் சிரிப்பு. இரண்டு பக்கம் தாங்கினார். மூன்றாவது பக்கத்தில் பேச ஆரம்பித்ததும் வில்லத்தனம் போய்விட்டது. வெற்றிலையும் போடுவதில்லை.

அவரும் பிரேமலதாவும் ஒரே தெரு. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு. போட்டி தொடங்கும் இடத்தில் கண்ணாடியை இறக்கி அவளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி பிரேமா. இந்த வருசமும் நாந்தான். சீட்டெல்லாம் தொடச்சு வச்சிருக்கேன்."

"வாய மூடிட்டு வண்டிய ஓட்டு. எம்பக்கத்துல வந்து கதவத் தொறந்தே, கைய ஒடிச்சுருவேன்."

"மழையில நனையுதியேன்னு ஒரு அக்கறையில சொன்னேன்."

"அம்புட்டு அக்கறை இருந்தா டீசல் போடாம வா."

கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்.

"நான் வேணும்னா செஞ்சேன் சார்? அன்னைக்கு அவளுக்கு ரெண்டு காலும் நடுங்குது. பாத்துக்கிட்டு எப்படி இருக்க? ஏறுட்டின்னேன். ஏறிட்டா. அதுலேருந்து எங்க வீட்டு விசேசத்துக்குக்கூட வர மாட்டேங்கா. மொய் மட்டும் கொடுத்து விடுதா."

6

இனி வருவதை நான் கட்டியதாக நினைப்பீர்கள். ஒரு கதாசிரியன் இவ்வளவு வசதியாகக் கட்ட மாட்டான். கட்டினால் வெட்கப்படுவான். நடந்ததால் எழுதுகிறேன்.

போட்டி தொடங்கும் முன் போலீஸ் அதிகாரி வந்தார். மழையில் எதிரே வருவது தெரியவில்லை என்றார். போன வருடம்போலச் சாலையில் வலப்புறமாகப் போக விட முடியாது, வண்டிகள் போவதுபோல எல்லாரும் இடப்புறமாகவே போக வேண்டும் என்றார்.

இடப்புறமாகப் போனால் திருப்பம் வலப்பக்கம் வரும்.

நியாஸ் வாதாடினார். "சார், இவங்க எல்லாம் லெஃப்ட்ல திரும்பிப் பழகுனவங்க." அதிகாரி, "நானும் லெஃப்ட்ல போகத்தானே சொல்லுதேன்" என்றார். இருவரும் வேறு வேறு லெஃப்டைப் பேசுகிறார்கள் என்பதை விளக்க மழை நேரம் தரவில்லை. கோன்களை மாற்றி வைத்தார்கள்.

மைக்கில் அறிவிப்பு வந்தது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிரேமலதாவின் முதுகு நிமிர்ந்தது.

(இதைப் பார்த்தேனா, பிறகு சேர்த்தேனா? மூன்று முறை என்னையே கேட்டுவிட்டேன். பார்த்தேன்.)

7

இந்த இடத்தில் வேறு ஒரு கதை தொடங்கலாம். அதில் அவள் எல்லாரையும் முந்துவாள். நான் அந்தக் கதையை எழுதவில்லை, ஏனென்றால் முதல் கிலோமீட்டரிலேயே அவள் கடைசி ஆனாள்.

நேர்ச்சாலையில் அவள் மெதுவானவள். எதிர்க்காற்று வேறு. வயல்களுக்கு அப்பால் காற்றாலைகள் மழைக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் சுற்றின. வைப்பர் ஓடியது. வைப்பருக்கு நடுவே மஞ்சள் டீ-ஷர்ட், கறுப்பு டிராக் பேன்ட், பின்னிக் கொண்டைபோட்ட முடிக்கு மேலே ஹெல்மெட். ஒரு கால் தள்ளும், மறு கால் உருளும். தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்கும். அவ்வளவுதான் காட்சி. நேர்ச்சாலை முழுக்க அவ்வளவுதான்.

பிறகு முதல் திருப்பம்.

நாங்கள் அங்கே போனபோது நான்கு பேர் சாலையில் கிடந்தார்கள். ஈரத்தில் சாய்ந்தால் சக்கரம் வழுக்கும். பழகாத பக்கம் சாய்ந்தால் கட்டாயம் வழுக்கும். விழுந்தவர்களில் ஒருத்தி ஜெய்னப். கடையநல்லூர்க் கல்லூரி மாணவி, நியாஸின் கிளப்பில் முதல் ஆள், மாநிலப் போட்டிகளுக்குப் போய் வந்தவள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரேமலதா அவர்களைத் தாண்டி வந்தாள். வேகத்தைக் குறைக்கவில்லை. வடக்கு ரத வீதி முடிந்து கீழ ரத வீதிக்குத் திரும்புகிற மாதிரி, கோன் இருந்த இடத்தில் கோவில் மதில் இருக்கிற மாதிரி, வலப்பக்கம் சாய்ந்தாள். இடது கால் வலது காலைத் தாண்டி விழுந்தது. மறுபடி தாண்டி விழுந்தது. திரும்பி முடித்துவிட்டாள்.

உச்சிமாகாளி பிரேக்கிலிருந்து காலை எடுக்க மறந்தார்.

"என்ன சார் இது" என்றார்.

ஜெய்னப்பை வேனில் ஏற்றினோம். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு முதலில் அழுதாள். பிறகு ஜன்னல் வழியே பார்த்தாள்.

"அண்ணே, முன்னாடி போற அக்கா யாரு?"

"எங்க தெருக்காரி" என்றார் உச்சிமாகாளி.

"நான் கிளப்புல பாத்ததே இல்லியே. கோச் யாரு?"

"கோமதியம்மன்."

ஜெய்னப் என்னைப் பார்த்தாள். நான் விளக்கினேன். கோவில், ரத வீதி, வலம். அவள் முழுவதையும் கேட்டாள். மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நியாஸ் மாமா எங்களுக்கு இந்தப் பக்கம் சொல்லியே தரலை."

"அதுக்குத்தான் உங்களையும் கோயில் பக்கம் வாங்கன்னு சொல்லுதது" என்றார் உச்சிமாகாளி.

"நாங்க பள்ளிவாசலச் சுத்திப் பழகிக்கிடுதோம் அண்ணே, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

8

(நீக்கப்பட்ட பகுதி. மாரிராஜ் மனைவியைப் பற்றி என்ன நினைத்தார் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எனக்குத் தெரியாது. அவர் தறியை நிறுத்திவிட்டு வரவில்லை என்பது மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருக்கிற நேரத்தைத் தறிக்காரர்கள் விட மாட்டார்கள்.)

9

இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ கிடந்தார்கள். வேன் நிறைந்தது. பளபளப்பான உடைகள், விலை கூடிய ஸ்கேட்ஸ், ஈரத் துண்டுகள். முன்னால் போனவர்கள் எங்களை ஒரு சுற்றுக்கும் அதிகமாகத் தாண்டிப் போய் முடித்தும்விட்டார்கள். சாலையில் கடைசியில் மிஞ்சியவள் பிரேமலதா.

போட்டியில் அவள் கடைசி. அது உண்மை. அவளுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டியவர்கள் எல்லாம் என்னோடு வேனில் இருந்தார்கள். அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத முயன்றேன். வரவில்லை.

வேனுக்குள் கண்ணாடி மூச்சில் மங்கியது. ஆளாளுக்குக் கையால் துடைத்துத் துடைத்து அவளைப் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் பேச்சு நின்றது. அவள் திரும்பி முடித்ததும் மறுபடி தொடங்கியது.

நான்காவது சுற்று. கடைசித் திருப்பத்தையும் முடித்துவிட்டாள். இனி நேர்ச்சாலை மட்டும். ஊரைப் பார்த்து.

அங்கே விழுந்தாள்.

திருப்பத்தில் விழாதவள், ஒன்றுமில்லாத நேர்ச்சாலையில் விழுந்தாள். காற்று ஒரு பக்கமாக அடித்தது. கால் மடங்கியது. முழங்கால் முதலில், பிறகு உள்ளங்கை, பிறகு முழு உடம்பும். மஞ்சள் டீ-ஷர்ட் சாலையோடு கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்றது.

உச்சிமாகாளி வேனை அவளுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார். பழக்கத்தில் கை கதவுப் பக்கம் போனது. அவள் எழவில்லை. குப்புறக் கிடந்தபடியே இருந்தாள். முழங்காலிலிருந்து ரத்தம் வந்து மழையில் கரைந்தது.

"அண்ணே, தொறக்காதீங்க" என்றாள் ஜெய்னப்.

"தலையில அடிபட்டிருந்தா?"

"அடிபட்டிருந்தா கைய ஆட்டுவாங்க."

"கைய ஆட்ட முடியாம இருந்தா?"

உச்சிமாகாளியின் கை கைப்பிடியில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் நான் உண்மையில் பார்த்தது ஒரு முதுகும் ஒரு கையும்தான்.

அவர் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினார்.

"ஏட்டி."

கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"பிரேமா. உசுரோட இருக்கியா?"

"கதவத் தொறந்தியாலே?" என்றாள் சாலையைப் பார்த்தபடி.

"இல்ல."

"தொறக்காத."

கைகளை ஊன்றினாள். ஒரு முழங்காலில் நின்றாள். ஒரு சக்கரம், பிறகு இன்னொன்று. எழுந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளினாள். போனாள்.

உச்சிமாகாளி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு பின்னால் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எங்க கிளாஸ்லயே அவளுக்குத்தான் வாய் சாஸ்தி."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன். எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்காதீர்கள். நான் அவளோடு படிக்கவில்லை, அவள் தெருவில் வசிக்கவில்லை, சங்கரன்கோவிலில் எனக்கு வீடு கிடையாது. ஒரு மனிதர் இன்னொருவருடைய பெருமையில் நனைந்துகொள்ள அருகில் இருந்தால் போதும்போல.

10

அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பங்கொப்பு சாலையில் முறிந்து கிடந்தது. காற்று செய்த வேலை. முந்தைய சுற்றில் அது இல்லை.

பிரேமலதா வேகத்தைக் குறைத்தாள். இலைகளுக்குள் நடந்தாள். சக்கரக் காலைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி வைத்து, கிளையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வேனால் அது முடியாது. சாலையை விட்டு இறங்கிச் சுற்றிப் போகலாம் என்று உச்சிமாகாளி நினைத்தார். பக்கத்தில் கரிசல் நிலம். இரண்டு நாள் மழை குடித்தது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த டிரைவர் செய்யக் கூடாத காரியம். எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவளைக் கண்ணிலிருந்து தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில் செய்தார்.

முன் சக்கரம் இறங்கியது. பின் சக்கரமும் இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுழன்றது, இன்னும் இறங்கியது. சேறு ஜன்னல் வரை தெறித்தது.

இறங்கித் தள்ளினோம். மதுரை, திருநெல்வேலி, கடையநல்லூர், நான், எல்லாரும். ஜெய்னப் ஒரு கையால் தள்ளினாள். வேன் அசையவில்லை. களி செருப்பைப் பிடித்துக்கொண்டது. என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். காலை முழுவதிலும் முதல் தடவையாக. இன்ஜின் சத்தம் பின்னால் வராமல் போனதால் இருக்கலாம். கொஞ்ச தூரத்தில், சாலை நடுவில், நின்றாள். முகம் தெரிந்தது. மழையில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு.

"ஏலே உச்சி! என்னாச்சு?"

"கரிசல்ல எறங்கிட்டுட்டி!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வலி என்று நினைத்தேன். சிரிப்பு.

"ஏறிக்கிடுதியாலே? பைய்யத்தான் போறேன்!"

வேனைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு உச்சிமாகாளி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். கையில் சேறு இருந்ததால் முகமெல்லாம் சேறானது.

"ஏட்டி, போ! போ! நிக்காத!"

அவள் திரும்பினாள். தள்ளினாள். முதுகு சின்னதானது. மழைக்குப் பின்னால் போய்விட்டது.

11

உச்சிமாகாளி நியாஸுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி சேத்துல மாட்டிக்கிட்டு, நியாஸ் நானா. டிராக்டர் சொல்லி விடுங்க."

"பிரேமலதாவ ஏத்திட்டியளா?"

"இல்ல. அவ முன்னாடி போறா."

"எம்புட்டு முன்னாடி?"

உச்சிமாகாளி சாலையைப் பார்த்தார். மழை மட்டும் இருந்தது.

"கண்ணுக்கு எட்டல" என்றார்.

12

டிராக்டர் வந்து எங்களை வெளியே இழுத்தபோது பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. முடிவுக் கோடு இருந்த இடத்தில் யாரும் இல்லை, வளைவும் இல்லை. ஜெய்னப்பை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து நான் திருநெல்வேலி பஸ் ஏறினேன், ஒற்றைச் செருப்போடு.

ஆகவே முடிவுகள்.

அ. பத்து மணிக்குச் சற்று முன்னால் வளைவுக்குள் நுழைகிறாள். மழையில் ஒதுங்கி நின்றவர்கள் முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர், "வேன் எங்கப்பா?" என்கிறார். அவளுக்குப் பின்னால் காலிச் சாலை. (எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்திருப்பதாலேயே சந்தேகம்.)

ஆ. பத்து தாண்டிவிட்டது. காற்றடைத்த வளைவைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டார்கள். அது சாலையோரம் நனைந்த துணியாகக் கிடக்கிறது. அவள் வருகிறாள். கோடு போட்ட இடம் எது என்று மழை காட்டவில்லை. எந்த இடத்தில் தாண்டினாள் என்று தெரியாமலே தாண்டிப் போகிறாள். நிறுத்துவதற்குக் காரணம் இல்லாததால் ரத வீதி வரை போகிறாள். வந்ததற்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.

இ. சாலை திறந்துவிட்டது. ஊருக்குப் போகிற மினி பஸ் ஒன்று அவளருகே வேகத்தைக் குறைக்கிறது. கண்டக்டர் தெரிந்தவர். "ஏறுக்கா, நனையாத" என்கிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது. அவள் கையை நீட்டி

இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் முயன்றேன். கை நீண்டபடியே நிற்கிறது. அழிக்கவும் இல்லை. நடக்கக் கூடியதுதான். உடம்பு என்று ஒன்று இருக்கிறது.

அடுத்த நாள் நியாஸ் கூப்பிட்டார்.

"கேட்டீராவே, நம்ம பிரேமலதா என்ன செஞ்சா தெரியுமா?"

"சொல்லாதேயும்."

"என்னது?"

"எனக்குச் சொல்ல வேண்டாம்."

"கோட்டியாவே உமக்கு? நாலு மணி நேரம் அவ பின்னாடியே போயிருக்கீரு!"

"அதனாலதான்."

போனை வைத்துவிட்டார். நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன். அன்று காலை முழுவதும் நான் உட்கார்ந்திருந்தது, ஒருத்தியின் முடிவை எழுதுவதற்காகவே அனுப்பப்பட்ட வண்டியில். பத்து மணி ஆனால் கதவைத் திறந்து, கதை முடிந்தது, ஏறு என்று சொல்ல வேண்டிய வண்டி. அது கரிசலில் இறங்கியது. வேறொரு வண்டி எடுத்துக்கொண்டு அவளைத் துரத்திப் போக எனக்கு மனம் இல்லை. இந்தக் கதையும் ஒரு வண்டிதான்.

13

எனவே முடிவை உங்களிடம் தருகிறேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான்காவதாக ஒன்றை நீங்களே எழுதலாம். மழையை நிறுத்தலாம். நேரத்தைக் கூட்டலாம். மகளுடைய டியூஷனை ரத்து செய்யலாம், ஆட்சேபம் இல்லை.

கையில் சிராய்ப்பு இருக்கிறது. வலது முழங்காலில் ரத்தம் இருக்கிறது. காற்று குறையவில்லை. சாலை இனி நேராகத்தான் போகிறது. பின்னால் முதல் தடவையாக எந்தச் சத்தமும் இல்லை. அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.

எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். வேன் மட்டும் அனுப்பாதீர்கள்.